சுங்கப் படிவத்தில் பதின்மூன்றாம் கட்டம்

நாடாவுக்கும் தபாலுக்குமாக அறுபது டாலர் அனுப்பியிருந்தோம்.
உள்ளே பதிந்திருக்கும் மென்பொருளுக்குக் காசு வேண்டாமாம்.
வடக்கே, பனியில் புதைந்த ஒரு பல்கலைக்கழகம்
அப்படித்தான் எழுதியிருந்தது.
ஒப்பந்தம் ஒரே பக்கம்:
எடுத்துக்கொள்ளுங்கள்,
எங்கள் பெயரை அழிக்காதீர்கள்,
உடைந்தால் எங்களைத் திட்டாதீர்கள்.

ஏழு வாரம் கழித்து
மொண்டேவீதியோ துறைமுகத்தில்
பிதேகைன் மேசைமேல் கிடந்தது,
சோற்றுத் தட்டளவு வட்டம்.
பதின்மூன்றாம் கட்டத்தில் விரல் வைத்தார்.
"மதிப்பு?"
"இலவசம்."
"அம்மணி, இது எண் எழுதும் கட்டம்."
"அப்போ பூஜ்யம்."
"பூஜ்யம் என்றால் கடத்தல்."

ஆகஸ்டுக் குளிர். சன்னல் இடுக்கில் ஆற்றுக்காற்று.
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சினார்,
எனக்கு நீட்டவில்லை.

"சரி, இது என்னதான் செய்யும்?"
"தாப்லாஸ் செய்யும்" என்றேன்.
எங்கள் ஸ்பானியத்தில் அட்டவணைக்கு அதுதான் சொல்,
மரப்பலகைக்கும் அதுவே.
மனிதருக்கு முகம் தெளிந்துவிட்டது.
'பலகை, இழைத்தது' என்று அழுத்தி எழுதினார்,
அடிக்கோல் வைத்து அளந்தார்,
கன அளவுக்கு வரி: நானூறு பெசோ.
கட்டிவிட்டுப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டேன்,
ஒரு தோப்பையே ஏமாற்றித் தூக்கி வருகிறவளாய்.

அலுவலகத்தில் நாற்பத்தொரு வருஷ மழை
இரும்பு இழுப்பறைகளில், அட்டைகளில்.
இயந்திரமோ ரயில்வே சம்பளப் பிரிவுடையது,
இரவு பத்துக்கு மேல் எங்களுடையது.
எல்பியோ தட்டத் தட்ட நான் வாசித்தேன்.
அக்டோபரில் முதல் கேள்வி கேட்டோம்:
எந்த ஏப்ரலில், எங்கெங்கே,
இருநூறு மில்லிமீட்டருக்கு மேல்?

வந்தது பதில். எல்பியோ மேசையைத் தட்டினான்.
நான் பட்டியலில் இரண்டாம் முறை விரலோட்டினேன்.
கஞாதா சேக்காவைக் காணோம்.
பெயருக்குத்தான் வறண்ட ஓடை அது,
ஓர் ஏப்ரலில் பாலத்தையே கழற்றிக்கொண்டு போனது.

எங்கள் ஞகரம்தான் காரணம்,
தலையில் சிற்றலை சுமக்கும் எழுத்து.
வடக்கத்தி நிரலுக்கு அது எழுத்தாகவே படவில்லை,
தூசி என்று தட்டிவிட்டிருந்தது.
பதினோரு நிலையங்கள் அப்படிப் போயின.

மூலநிரல் முழுவதும் நாடாவிலேயே இருந்தது.
பிரித்து வைத்து உட்கார்ந்தோம்.
ஒன்பதாம் இரவில், வரிகளுக்கு நடுவே
ஒருவன் எழுதி வைத்த குறிப்பு:
'இந்த இடம் எனக்கே புரியவில்லை.
காலை மூன்று மணி. மன்னிக்கவும். டபிள்யூ. ஓ.'

சிரித்தேன். பிறகு, ஏனோ,
அவன் சாப்பிட்டிருப்பானா என்று நினைத்தேன்.

இன்னும் ஐந்து இரவு.
அவன் குறிப்புக்குக் கீழே என் குறிப்பு:
'எனக்குப் புரிந்துவிட்டது. இரவு ஒன்றரை.
இனி ஞகரம் உதிராது. நே. எ.'
அதே நாடாவில் திருத்தத்தைப் பதிந்து
துறைமுகத்துக்கு எடுத்துப் போனேன்.

"பலகை திரும்பிப் போகிறதா?" என்றார் பிதேகைன்.
"ஆமாம். ஓர் எழுத்து கூடியிருக்கிறது."
தராசில் வைத்துப் பார்த்தார்.
எடை மாறவில்லை.
ஏற்றுமதிப் படிவத்தை நான்கு தரம் புரட்டினார்,
அதில் பதின்மூன்றாம் கட்டமே இல்லை.
மாத்தேயை என் பக்கம் நகர்த்தினார்.
ஆறிப்போய்க் கசந்தது, குடித்தேன்.

டபிள்யூ. ஓ. யாரென்று கேட்டு எழுதியதற்குப் பதில்:
பட்டம் வாங்கிப் போய்விட்டார், முகவரி இல்லை.
உங்கள் திருத்தம் சேர்த்தாயிற்று.

மறு வருஷம் புதுப் பதிப்பு வந்தபோது
பிதேகைன் ஓய்வு பெற்றிருந்தார்.
அந்த நாற்காலியில் இருந்த பையன்
நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
'இசை' என்று எழுதினான்.
இசைக்கு வரி அதிகம்.
கட்டினேன்.